நீலக் கதவுக்குக் கொஞ்சம் கூடுதல்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லோரும் எலியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக வைத்த பேர்தான். பதினோரு வருஷத்தில் கேலி உதிர்ந்துபோய்ப் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பேரைச் சொல்லி யாராவது அழைத்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு நடந்து போய்விடுவார்.

காலை ஏழு மணிக்கு வருவார். செருப்பை வெளியே விட்டு, பச்சை அங்கி மாட்டி, தலைமுடியை உறைக்குள் தள்ளி, கையுறை போட்டுக்கொள்வார். கதவுப் பிடியில் கை வைத்ததும் ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடுவார். "ஆண்டவனே, உன் உயிர், என் கை. பாத்துக்கோ." அவ்வளவுதான் பிரார்த்தனை. பிறகு உள்ளே போய் ஒவ்வொரு கூண்டாக இழுத்து, நனைந்த மரத்தூளைக் கொட்டிப் புதுசு பரப்பி, தண்ணீர்ப் பாட்டிலின் மூக்கு அடைத்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்து, எலிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடை குறிப்பார். கட்டைவிரல் அளவு வெள்ளை எலிகள். காது ரோஜா நிறம். சில எலிகள் எடை போடும்போது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். "என்னடா, கணக்கு சரியா இருக்கான்னு பாக்கறியா?" என்று கேட்பார்.

வீட்டில் அவரும் மகளும் மட்டும். கணவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒரு சப்ஸ்டேஷனில் இருபத்திரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மர்கள் உறுமிக்கொண்டிருக்கும் இடத்தின் நடுவே ஒரு கட்டுப்பாட்டு அறை. அதில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில்தான் அவருடைய ஆயுளில் பாதி போனது. கடைசியில் ரத்தப் புற்றுநோய் வந்தது. எட்டே மாதம். ஆஸ்பத்திரியில், "இதனாலதான் வந்ததுன்னு ஒண்ணைச் சொல்ல முடியாதும்மா" என்றார்கள். ஆனால் சாவு வீட்டுக்கு வந்த அவருடைய சிநேகிதர் ஒருவர், அதே இடத்தில் வேலை பார்த்தவர், மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்: "கரண்டுக்குப் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து ரத்தம் வெந்துபோச்சு தங்கச்சி."

எத்தனையோ பேர் வந்து எத்தனையோ சொன்னார்கள். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. இந்த ஒரு வார்த்தை மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மகளுக்கு அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது. மின்சாரப் படிப்பு படித்து, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் இரண்டு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் கையெல்லாம் வார்னிஷ் வாடையோடு வந்து, ஒரு காகிதத்தை அம்மாவின் மடியில் போட்டாள்.

"என்னடி இது?"

"படி."

"நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். நீயே சொல்லு."

"வேலை கிடைச்சிருக்கும்மா. சப்ஸ்டேஷன் ஆபரேட்டர். அப்பா வேலை. அதே ஸ்டேஷன் இல்ல, பதினாறு ஸ்டாப் தள்ளி இன்னொண்ணு. மூணு மாசத்துக்குள்ள சேரணும்."

எலியம்மா காகிதத்தை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார்.

"வேண்டாம்."

"ஏன்?"

"ஏன்னு கேக்கறியே, உனக்குத் தெரியாதா?"

"அப்பாவுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாரும்மா சொன்னா?"

"அதனால வரலன்னு யாரு சொன்னா?"

அதுதான் உண்மை. இரண்டையும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தில் புதிய சோதனை ஒன்று தொடங்கியிருந்தது. நடத்தியவர் நாற்பது வயது டாக்டரம்மா. ஊசி டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். சிரிப்பு அவருக்குச் சிக்கனம். ஆனால் எலியம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எலி வீட்டின் கடைசியில் இருந்த இரண்டு அறைகளைக் காலி செய்து, ஒன்றின் கதவுக்கு நீலப் பெயின்டும் மற்றதற்கு மஞ்சள் பெயின்டும் அடித்தார். இரண்டிலும் மரத்தாலேயே அலமாரி, பிளாஸ்டிக் கூண்டுகள். இரும்பு ஓர் ஆணி கூடக் கிடையாது. அலமாரியைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு மரச்சட்டத்தில் செப்புக் கம்பிச் சுருள்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கோங்க," என்றார் டாக்டரம்மா. "வீட்டுக்கு வர்ற கரண்ட் மாதிரியேதான் இந்தச் சுருள்லயும் ஓடும். கரண்ட் ஓடற இடத்துல காந்தப்புலம்னு ஒண்ணு உண்டாகும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு ரூம்ல அது உண்டு. இன்னொரு ரூம்ல பாதிக் கம்பி இப்படி, பாதிக் கம்பி அப்படின்னு எதிரெதிரா சுத்தியிருக்கோம். ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும். சூடு ரெண்டுலயும் ஒண்ணுதான், உறுமலும் ஒண்ணுதான். எதுல புலம் இருக்குன்னு எனக்கே தெரியாது. கவர்ல போட்டு ஒட்டி, டைரக்டர் பெட்டியில இருக்கு."

"உங்களுக்கே தெரியாதா? நீங்கதானே பண்றீங்க?"

"தெரிஞ்சா நம்மள அறியாமலே ஒரு பக்கம் சாஞ்சுடுவோம் அக்கா. அதுக்குத்தான். ரெண்டு ரூமையும் ஒரே மாதிரி பாத்துக்கணும். ஒண்ணுக்குக் கூடவும் வேண்டாம், ஒண்ணுக்குக் குறையவும் வேண்டாம். எலியை வால் அடியில பிடிச்சுத் தூக்கணும், தராசுல வைக்கணும், திருப்பி விடணும். பேச்சு, கொஞ்சல் எல்லாம் கிடையாது. அப்பறம் உள்ள போகும்போது செல்ஃபோன், சாவி, பேட்ஜ், எதுவும் கூடாது."

எலியம்மா தலையாட்டினார். மகளிடம் வந்து சோதனையைச் சொல்லி, "பதினாறு வாரம். அந்த எலிக்கு ஒண்ணும் ஆகலன்னா நீ வேலைக்குப் போ. ஏதாவது ஆச்சுன்னா போகாதே. அதுவரைக்கும் பொறு. மூணு மாசத்தை நாலு மாசமாக்கித் தரச் சொல்லி எழுதிக் கேளு," என்றார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எலிகிட்ட உத்தரவு வாங்கி வேலைக்குப் போற மொத ஆள் நான்தாம்மா." ஆனால் எழுதிக் கேட்டாள். நாலு மாதம் கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் அந்தத் தவறு நடந்தது. அன்றைக்கு மழை. நனைந்துகொண்டு வந்த அவசரத்தில் அங்கிக்கு மேலே பேட்ஜை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்படியே உள்ளே போய்விட்டார். முதலில் மஞ்சள் அறை. ஒன்றும் இல்லை. பிறகு நீலக் கதவைத் திறந்து, சுருளுக்குள் தலையை விட்டு, மேல்தட்டுக் கூண்டை எட்டினார். மார்பில் ஒரு வண்டு புகுந்துகொண்டதுபோல் ர்ர்ர் என்று ஒரு நடுக்கம்.

கூண்டை வைத்துவிட்டுப் பதறிப்போய் அங்கியைத் தட்டினார். வண்டு இல்லை. பேட்ஜ். துணியின் உள்பக்கம் ஒரு காந்தவில்லை, வெளிப்பக்கம் பேர் அட்டை, இரண்டும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் ரகம். அந்தக் காந்தவில்லைதான் துடித்துக்கொண்டிருந்தது.

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் புரிந்திருக்காது. கல்யாணம் ஆன புதிதில் கணவர் சப்ஸ்டேஷனுக்கு ஒரு தடவை கூட்டிப்போயிருந்தார். ஒரு பெரிய கம்பிச் சுருளின் வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் ஒரு காந்தத்தை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அது கையில் கிடந்து துடித்தது. "பாத்தியா? கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்," என்று சிரித்தார் அந்த மனிதர். அந்தச் சிரிப்பு இப்போது நீல அறையில் கேட்டது.

ஆக, இந்த அறைதான். இந்த எலிகள்தான் அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

பேட்ஜைக் கழற்றி வெளியே வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தாரா என்றால் இல்லை. சொன்னால் பேட்ஜோடு போனதற்குத் திட்டுவார்கள் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, தெரிந்துகொண்டதில் ஏதும் கெடுதல் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. அவர் ஒன்றும் ஒரு பக்கம் சாயவில்லையே!

சாய்ந்தது கைதான். மனசுக்குத் தெரியாமலே கை சாய்ந்தது.

மறுநாள் நீல அறையில் ஒரு எலியை வால் அடியில் பிடிக்கப் போனவருக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணவரைப் புரட்டிப் போட்ட நர்ஸ் ஞாபகத்துக்கு வந்தாள். பாவம், அவளுக்கு முப்பது நோயாளி. ஆனாலும் அப்படிப் புரட்டியிருக்க வேண்டாம். எலியம்மா இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்து எலியை ஏந்தி எடுத்தார். அது உள்ளங்கைச் சூட்டில் சுருண்டு உட்கார்ந்தது. அதிலிருந்து நீல அறையில் வாலைப் பிடிக்கவே அவருக்குக் கை வரவில்லை. மஞ்சள் அறையில் வழக்கம்போல.

பிறகு டிஷ்யூ காகிதம். கூண்டுக்கு ஒரு தாள் என்பது கணக்கு. எலி அதைக் கிழித்துக் கூடு கட்டிக்கொள்ளும். நீல அறைக்கு இரண்டாயிற்று. குளிரான நாளில் மூன்று. அப்புறம் வேலையை நீல அறையிலிருந்து தொடங்கினார், கை களைப்பதற்கு முன்னால். அப்புறம், கொஞ்சல் கூடாது என்று சொன்னார்களே என்று, கொஞ்சாமல் பிரார்த்தனை செய்தார். பிரார்த்தனை கொஞ்சல் ஆகாதே! மெல்லிய குரலில், ஒவ்வொரு கூண்டின் முன்னாலும்.

ஸ்டோர்க்காரர்தான் முதலில் கவனித்தார். டிஷ்யூ பெட்டியை நீட்டிக்கொண்டே, "என்ன எலியம்மா, எலிங்களுக்கு ஜலதோஷமா? இந்த மாசம் மட்டும் மூக்குத் துடைச்சே ரெண்டு பெட்டி காலி!" என்றார்.

"உங்க மூக்கைத் துடைக்கற அளவுக்கு ஆகலையே, குடுங்க," என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் காது சூடாக இருந்தது.

பதினாறு வாரம் முடிந்தது. எலிகளை ஒவ்வொன்றாக ஒரு பெரிய வெள்ளைப் பெட்டியில் விட்டுப் பார்த்தார்கள். பயந்த எலி சுவரோரமாகவே பதுங்கும், பயமில்லாதது நடுவுக்கு வந்து முகர்ந்து பார்க்கும். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எண்ணினார்கள். எடையை எல்லாம் கூட்டிப் போட்டார்கள். ஒரு வியாழக்கிழமை டைரக்டர் அறையிலிருந்து கவர் வந்தது. கவரைக் கிழித்துப் பார்த்த டாக்டரம்மா, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எலி வீடு வரைக்கும் ஓடிவந்தார்.

"அக்கா! நீலம்தான் அக்கா புலம் இருந்த ரூம். ரத்தத்துல வித்தியாசமே இல்ல. அது மட்டுமில்ல, நீல ரூம் எலிங்க எடை கூடியிருக்கு. பயமே இல்ல, நடுப்பெட்டியில வந்து ஜம்முனு உக்காருது. மன அழுத்தம் குறைஞ்சிருக்கு! கெடுதல் தேடிப் போனோம், நல்லது கிடைச்சிருக்கு. இதை யாரும் இவ்வளவு தெளிவா பாத்ததில்ல."

டாக்டரம்மாவின் முகம் குழந்தை முகம்போல் இருந்தது. எலியம்மாவுக்கும் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கையுறையைக் கூடக் கழற்றாமல் வெளியே வந்து, வராந்தாவில் நின்று மகளுக்கு ஃபோன் போட்டார்.

"ஒண்ணும் ஆகலடி. எலிக்கு ஒண்ணுமே ஆகல. இன்னும் நல்லாத்தான் இருக்காம். நீ திங்கக்கிழமை போய்ச் சேரு."

"நெஜமாவா?" மறுமுனையில் மோட்டார்ச் சத்தம் நின்றது. "அம்மா, அழறியா?"

"இல்லடி. கையுறை மாவு கண்ணுல பட்டுடுச்சு."

ஃபோனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். நீல அறைக் கூண்டுகளைத் திறந்தார். வழக்கம்போல் இரண்டு கையையும் குவித்து ஒரு எலியை ஏந்தினார். அது பயமே இல்லாமல், ஜம்மென்று, உள்ளங்கையில் உட்கார்ந்தது.

அப்போதுதான் அவருக்குத் தன் கை கண்ணில் பட்டது.

மஞ்சள் அறைக்குப் போனார். கூண்டைத் திறந்ததும் எலிகள் மூலைக்கு ஓடின. பதினாறு வாரமாக வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கிய கையைக் கண்டால் எது ஓடாது? ஒரே ஒரு தாளைக் கிழித்துக் கட்டிய கூடு, ஓட்டையும் உடைசலுமாக. நீல அறையில் பஞ்சு மெத்தை.

புலமாவது, அமைதியாவது. எடை கூடியது தன் டிஷ்யூ காகிதம் தந்த கதகதப்பால். பயம் போனது தன் கையால். அப்படியென்றால் அந்தப் புலம் அந்த எலிகளுக்கு ஏதாவது கெடுதல் செய்திருந்தால்கூட, அதன்மேல் இவர் கம்பளி போர்த்தி மூடிவிட்டிருக்கிறார். எந்தச் சாட்சிக்காக நாலு மாதம் காத்திருந்தாரோ, அந்தச் சாட்சியின் வாயைத் தன் கையாலேயே பொத்திவிட்டார். இந்தச் சாட்சியை நம்பித்தான் மகளை அந்த நாற்காலிக்கு அனுப்பப்போகிறார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அதே நினைப்புதான். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். அவருடைய வேலை வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற வேலை. விதியை மீறியவரை யார் புதுப்பிப்பார்கள்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்குப் பேர். மகளுக்கு வேலை. எல்லோருக்கும் சந்தோஷம். ஆண்டவனிடம் கேட்டார். ஆண்டவன் பதில் சொல்லவில்லை. ஆனால் பிரார்த்தனைக்குக் கை குவித்தபோது, அது எலியை ஏந்துகிற கிண்ணமாகவே குவிந்தது. அதற்குமேல் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை மகள் வேலைக்குப் போடப் புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எலியம்மா பக்கத்தில் போய் நின்றார்.

"கண்ணு, நான் பொய் சொல்லிட்டேன்."

"எதுல?"

"எலி விஷயத்துல. நான் சொல்லல, என் கை சொல்லிடுச்சு." நடந்ததை எல்லாம் சொன்னார். பேட்ஜ், வண்டு, டிஷ்யூ, பிரார்த்தனை வரைக்கும்.

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அம்மா, அது அப்பாங்கற நெனப்புல பாத்துக்கிட்டியா?"

எலியம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

மகள் சட்டைக் காலரை நீவிவிட்டாள். "சரி. டாக்டரம்மாகிட்ட சொல்லிடு."

"வேலை போயிடும்டி."

"போனா போகட்டும். அந்தம்மா பாவம்மா. ஊர் முன்னாடி போய் நின்னு, எலி சந்தோஷமா இருக்குன்னு சொல்லப்போறாங்க. நாளைக்கு என்னை மாதிரி இன்னொருத்தி அதைப் படிச்சுட்டு வேலைக்குப் போவா."

"அப்ப நீ?"

"நான் திங்கக்கிழமைதானே போறேன்? நீ இன்னிக்கு அந்தம்மாகிட்டயே கேட்டுட்டு வா. எலியை விட்டுடு. அவங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் கேளு."

டாக்டரம்மா சனிக்கிழமையும் வந்திருந்தார். மேஜையில் அச்சடித்த வரைபடங்கள். எலியம்மா உட்காராமலே சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் கையில் இருந்த பென்சில் மெல்லச் சாய்ந்து மேஜையில் படுத்தது.

"எத்தனை வாரம்?"

"மூணாவது வாரத்துலேர்ந்து."

"எல்லாக் கூண்டும்?"

"நீலத்துல எல்லாம்."

டாக்டரம்மா எழுந்து ஜன்னலுக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். பதினான்கு மாதம் திட்டம் போட்டு, பணத்துக்கு அலைந்து, மரச்சட்டம் செய்ய வைத்து... முதுகே எல்லாவற்றையும் சொல்லிற்று. கடைசியில் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. குரலில் கோபம்.

"நான் உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்!"

"சொன்னீங்க."

"ரெண்டையும் ஒரே மாதிரி பாத்துக்கச் சொன்னேனே தவிர, ஒண்ணை மட்டும் ஏந்தச் சொல்லலையே அக்கா!"

"அதுதான் என் தப்பு டாக்டரம்மா. ரெண்டையும் ஒண்ணா ஏந்தியிருக்கணும். மஞ்சள் ரூம் எலியும் ஆண்டவன் படைச்சதுதானே? நான் அதுங்களுக்குப் பாவம் பண்ணிட்டேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க," என்றார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா நான் ரொம்ப சந்தோஷமா இருந்திருப்பேன். தப்பான சந்தோஷம். டைரக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், அதை மறைக்க முடியாது. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் முதல்லேர்ந்து."

"ரத்தம் மட்டும்? ரத்தத்துல வித்தியாசமே இல்லன்னீங்களே. அதையாவது வெச்சுக்க முடியாதா?"

"முடியாது. பயப்படற எலியோட ரத்தம் வேற, நிம்மதியா இருக்கற எலியோட ரத்தம் வேற. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னியிருக்கு அக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "ரத்தத்தை ஏன் கேக்கறீங்க?"

அப்போதுதான் எலியம்மா கணவரைப் பற்றிச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மகளின் வேலையைச் சொன்னார். "எலி சொல்லலன்னா நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. அவ போகலாமா?"

டாக்டரம்மா உடனே ஆறுதல் சொல்லவில்லை. அதுவே எலியம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது.

"தெரிஞ்சதைச் சொல்றேன். புலம் ரொம்ப பலமா இருந்தா நரம்பைச் சுண்டும், கண்ணோரத்துல மினுக்கு மினுக்குன்னு வெளிச்சம் தெரியும். அது நிச்சயம். அவ்வளவு பலத்துல யாரையும் வேலை செய்ய விடக் கூடாதுன்னு வரம்பு வெச்சிருக்காங்க. அதுக்கெல்லாம் ரொம்பக் கீழ, வருஷக்கணக்கா லேசா படறது இருக்கே, அங்கதான் இழுபறி. வீட்டுல புலம் கொஞ்சம் அதிகமா இருக்கற குழந்தைங்ககிட்ட ரத்தப் புற்றுநோய் ஒரு துளி கூடுதலோன்னு சில கணக்குல சந்தேகம் வந்திருக்கு. அதனாலதான் வந்துச்சுன்னு யாரும் நிரூபிக்கல. எலிங்கள்ல பாத்தப்போ பெரும்பாலும் ஒண்ணும் தெரியல. வேலை செய்யற பெரியவங்க கணக்கு ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி."

"அவருக்கு?"

"தெரியாது அக்கா. ஒரு மனுஷனுக்கு ஏன் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்."

நாலு வருஷமாக ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தைக்காகத் தவித்தவர் எலியம்மா. கிடைத்தது இரண்டும் இல்லை. ஆனால் இது நேர்மையான தெரியாது. நெஞ்சில் இருந்த முள் அசைந்து கொடுத்ததுபோல் இருந்தது.

"என் பொண்ணா இருந்தா," என்றார் டாக்டரம்மா கடைசியாக, "போகச் சொல்வேன். உறுமற சாமானுக்குப் பக்கத்துல தேவையில்லாம நிக்காதேன்னும் சொல்வேன். ஒரு முழம் தள்ளிப் போனாலே வேகமா குறைஞ்சுடும் அது."

திங்கட்கிழமை அம்மாவும் மகளும் பஸ்ஸில் சேர்ந்தே போனார்கள். பதினாறு ஸ்டாப். மகள், "பள்ளிக்கூடத்துல சேத்து விடறாப்பல வர்றியே, தண்ணி பாட்டில் எங்கம்மா?" என்று சீண்டிக்கொண்டே வந்தாள். எலியம்மாவின் கைப்பையில் பேட்ஜ் இருந்தது.

வாசலில் அவர்களை உள்ளே அழைத்தவர் ஷிப்ட் பொறுப்பாளர். தொப்பையும் நரையுமாக. எலியம்மா பார்த்த உடனே கண்டுகொண்டார். சாவு வீட்டில் மூக்கைச் சிந்தியவர்.

"தங்கச்சி! நீங்களா? இது நம்மாளு பொண்ணா?" அவருக்கு வாய் குழறியது. "ஷிப்ட் மாறி, அவன் எழுந்த நாற்காலியில நான் பதினெட்டு வருஷம் உக்காந்தவன். அவன் போனப்பறம்தான் மாத்தலாகி இங்க வந்தேன்."

"நீங்க நல்லா இருக்கீங்களா அண்ணா?"

"முட்டி வலிதான். வேற ஒண்ணும் இல்ல." அவர் தரையைப் பார்த்தார். "அன்னைக்கு ஏதோ சொன்னேன். துக்கத்துல வந்த வார்த்தை. எனக்கு என்ன தெரியும்? ஏதாவது ஒரு காரணம் வேணும்னு இருந்துச்சு."

"எனக்கும்தான் வேணும்னு இருந்துச்சு அண்ணா," என்றார் எலியம்மா. ஒரு ஆள் நன்றாக இருப்பதால் ஒன்றும் நிரூபணம் ஆகாது என்று இப்போது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதர் நன்றாக இருந்ததில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் சுவர் நிறைய மீட்டர்கள். மகளின் மேஜை பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. எலியம்மா பேட்ஜை எடுத்து உள்ளங்கையில் வைத்து, சுவரோரம் நீட்டினார். லேசாக, மிக லேசாக, தூக்கத்தில் துடிக்கிற எலிக்காதுபோல், ஓர் அசைவு. மேஜைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார். நின்றுவிட்டது.

"அம்மா, அது துடிக்கலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. லேசா இருந்தா இந்தக் காந்தத்துக்குத் தெரியாது. கடையிலேர்ந்து மீட்டர் கடன் வாங்கியிருக்கேன், நாளைக்கு சரியா அளந்துடறேன்."

"அளந்துக்கோ. இப்ப இந்த மேஜையை இங்க இழு."

"முதல் நாளே மேஜையை நகர்த்தினா என்ன நெனைப்பாங்க?"

பொறுப்பாளர் மேஜையின் ஒரு முனையைப் பிடித்தார். மகள் மறுமுனையைப் பிடித்தாள். மேஜை தரையைக் கீச்சிட்டுக்கொண்டு அறையின் நடுவுக்கு வந்தது. எலியம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பின்னால் போட்டு, உட்காருமிடத்தைத் தன் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தார்.

"உக்காரு."

மகள் உட்கார்ந்தாள்.

நிலையத்தில் எலியம்மாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து ஆறு மாதம் கூண்டு கழுவும் பிரிவில் போட்டார்கள். அங்கே நீராவிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தவரை ஒரு நாள் டாக்டரம்மா வந்து கூப்பிட்டார். புதிய சோதனைக்கு வேறு இரண்டு பேர் வந்திருந்தார்கள். "இவங்களுக்குக் காட்டுங்க அக்கா. எலியை எப்படி ஏந்தறதுன்னு. இனிமே ரெண்டு ரூமுக்கும் அப்படித்தான்னு விதியில எழுதிட்டேன்."

எலியம்மா கையைத் துடைத்துக்கொண்டு, பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு மஞ்சள் கதவை முதலில் திறந்தார்.